நாற்பத்தோராம் எண் நலமாக இருக்கிறார்

ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று வீடு வீடாகப் போன் போட்டுக் கேட்பதுதான் அவளுடைய வேலை. நியமனக் கடிதத்தில் 'ஆய்வு உதவியாளர்' என்று கௌரவமாகத்தான் போட்டிருந்தார்கள். தங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள் என்பதால் அண்ணன் அந்தக் கடிதத்தை நகல் எடுத்துத் தன் பைக் ஒர்க்‌ஷாப்பில் டயர் கம்பெனிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தான். வண்டி விட வருகிறவர்களிடம், "என் தங்கச்சி கேன்சர் ஆராய்ச்சியில இருக்கா" என்பான்.

"போன்ல பேசறதுதாண்ணா என் வேலை."

"ஆராய்ச்சின்னா நாலு பேர்கிட்டப் பேசித்தானே ஆகணும்" என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருப்பான்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டிடத்தில், மொட்டைமாடிப் படிக்கட்டுக்கு அடியில் அவளுக்கு ஓர் அறை. மேசை, டெலிபோன், உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயும் நாற்காலி. அடுத்த அறையில் லேப். அங்கே ஸ்லைடு போடும் டெக்னீஷியன் இருபத்திரண்டு வருடமாக அதே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். அவளுக்கு 'விசாரணை' என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

"என்ன விசாரணை, இன்னிக்கு எத்தனை பேர் இருக்காங்க?"

"அதை உங்ககிட்டச் சொல்லக் கூடாதே சார்."

"சொல்லாதே, சொல்லாதே. உஷாரா இருக்கியான்னு பார்த்தேன்."

சொல்லக் கூடாது என்பது விளையாட்டுக்கு இல்லை. மூக்குக்குப் பின்னால், தொண்டை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு புற்றுநோய் வரும். கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாத இடம். அந்த நோய் வந்த நூற்றுப் பன்னிரண்டு பேரிடமிருந்து எடுத்த சதைத் துணுக்குகள், மெழுகில் பதித்த சின்னச் சின்னக் கட்டிகளாக லேப் இழுப்பறைகளில் இருந்தன. டெக்னீஷியன் அவற்றை வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, மருந்து ஊற்றுவார். குறிப்பிட்ட ஒரு புரதம் அந்தச் சதையில் நிறைய இருந்தால் அடர்ந்த பழுப்பு நிறம் வரும். குறைவாக இருந்தால் வெளிறிப்போய் நிற்கும். அடர்ந்தவர்கள் எத்தனை நாள் வாழ்கிறார்கள், வெளிறியவர்கள் எத்தனை நாள் வாழ்கிறார்கள் என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. புரதத்துக்கு எழுத்தும் எண்ணுமாக நீளமான பெயர் ஒன்று உண்டு. லேபில் எல்லோரும் 'பழுப்பு' என்றே சொன்னார்கள்.

நிறம் பார்க்கிறவருக்கு ஆள் இருப்பது தெரியக் கூடாது. போன் போடுகிறவளுக்கு நிறம் தெரியக் கூடாது. இரண்டும் இரண்டு நோட்டு. அவை கடைசியில், ஆராய்ச்சியை நடத்துகிற பெரிய டாக்டரம்மாவின் கம்ப்யூட்டரில்தான் ஒன்றுசேரும். முதல் நாளே அந்த அம்மா இதைச் சொன்னார்.

"தெரிஞ்சா ஆசை வந்துடும்மா. இவரு பிழைக்கணும், இவரு போயிருக்கணும்னு மனசு ஒரு பக்கம் சாயும். அப்புறம் நீ ஒண்ணுமே செய்ய வேண்டாம், கை தானா தப்பு பண்ணும்."

'நம்மை நம்பவில்லையோ' என்று அன்று அவளுக்குச் சுருக்கென்றது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் போன் போட வேண்டும். கேட்க வேண்டியவை ஏழு கேள்விகள், அச்சடித்த தாளில். மூன்றாவது, "அவர்கிட்டயே ஒரு வார்த்தை பேசலாமா?" நான்காவது, "கடைசியா எப்போ, எந்த டாக்டர்கிட்டக் காட்டினீங்க?" சிலர் அழுவார்கள். சிலர், "செத்தப்புறமும் விட மாட்டீங்களா" என்று வைத்துவிடுவார்கள். அவள் தேதியை எழுதிக்கொண்டு அடுத்த எண்ணுக்குப் போவாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் பட்டியலின் நாற்பத்தோராம் எண்காரர் தானே போனை எடுத்தார். தையற்காரர். நோய் கண்டு ஐந்தரை வருடம் ஆகியிருந்தது. மூக்கடைத்த குரலில், எதிரே உட்கார்ந்திருப்பவர் மாதிரி பேசினார்.

"நல்லா இருக்கேம்மா. ரேடியேஷன் கரண்ட் வெச்சதுல எச்சில் வத்திப்போச்சு, அது ஒண்ணுதான் குறை. ஊசியில நூல் கோக்க நுனியை நனைக்கணுமே, அதுக்குக்கூட வாயில ஈரம் இல்ல. பக்கத்துல ஒரு டம்ளர் தண்ணி வெச்சிருக்கேன். எச்சிலைக் குடுத்துட்டு உயிரை வாங்கிட்டு வந்தேன்னு வெச்சுக்கோயேன்."

அவள் சிரித்துவிட்டாள். அந்த வேலையில் சிரித்தது அன்றுதான்.

நான்கு மாதம் கழித்து அண்ணனுக்கும் அதே நோய் என்று தெரிந்தது.

முதலில் வலது காது அடைத்தது. வண்டியைக் கிளப்பச் சொல்லி, தலையைச் சாய்த்து ஒரு நிமிடம் கேட்டாலே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுகிறவன் அவன். அந்தக் காதுதான் முதலில் போனது. தண்ணீர் புகுந்துவிட்டது என்று சொட்டு மருந்து விட்டார்கள். மூக்கில் ரத்தம் எட்டிப் பார்த்தபோது, சூடு என்றார்கள். கழுத்தில் கட்டி வந்தபோதும் அண்ணி, "காதுல சீழ் பிடிச்சா நெறி கட்டத்தானே செய்யும்" என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். தினமும் இந்த நோயின் பெயரைச் சொல்லியே போன் பேசுகிற தங்கை, சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து அதே கட்டியை இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது உறைக்கவே இல்லை. படித்த படிப்பு அந்த வீட்டு வாசற்படியில் செருப்போடு செருப்பாகக் கழன்று கிடந்ததா என்று பிற்பாடு எத்தனையோ முறை தன்னைக் கேட்டுக்கொண்டாள்.

அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே அண்ணனுக்குச் சதை எடுத்தார்கள். அந்த மெழுகுக் கட்டியும் டெக்னீஷியனின் இழுப்பறைக்கே வந்து சேர்ந்தது.

"சார், ஒரே ஒரு ஸ்லைடு. அண்ணனுக்கும் போட்டுப் பாருங்களேன்."

"எதுக்கு? இது ஆளுக்குச் சொல்ற டெஸ்ட் இல்லம்மா. இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. அடர்த்தியா வந்தா என்ன பண்ணப் போறே?"

"தெரிஞ்சுக்கறேன்."

"தெரிஞ்சுக்கிட்டு?"

மூன்று நாள் அவர் பிடி கொடுக்கவில்லை. நான்காம் நாள், தன் மைக்ராஸ்கோப்பின் முன்னிருந்து எழுந்து, "டீ குடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஸ்லைடின் ஓரத்தில் அண்ணனின் எண். அவள் குனிந்து பார்த்தாள். பழுப்பு. விளிம்புவரை பழுப்பு.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மேசையில் அவருடைய நிற நோட்டு இருந்தது. அதையும் புரட்டினாள். அடர்ந்த நிறக்காரர்கள் முப்பத்தெட்டு பேர். ஒவ்வொரு எண்ணாகத் தன் நோட்டோடு ஒத்துப் பார்த்தாள். இறந்தவர், இறந்தவர், இறந்தவர். உயிரோடு இருந்த ஏழெட்டு பேரும் நோய் கண்டு இரண்டு வருடம்கூட ஆகாதவர்கள். ஐந்து வருடம் தாண்டி நின்றவர் ஒரே ஒருத்தர். நாற்பத்தோராம் எண். தையற்காரர்.

அன்றிலிருந்து அந்த மனிதர் அவளுக்கு யாரோ இல்லை.

முப்பத்தைந்து நாள் கதிர்வீச்சு. முகத்துக்கு அச்செடுத்துச் செய்த வலைமூடியைப் போட்டு, மேசையோடு சேர்த்து இறுக்கிவிடுவார்கள். இருபதாம் நாள் அண்ணனுக்கு வாய் முழுக்கப் புண். தண்ணீர் இறங்கவில்லை. "போதும். நாளைக்கு வரல" என்று சிலேட்டில் எழுதிக் காட்டினான்; பேசினால் ரத்தம் வந்தது. அண்ணி கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் தங்கை வாயைத் திறந்தாள்.

"அண்ணா, உன்னை மாதிரியே ஒருத்தர் இருக்காரு. அதே இடம், அதே புரதம், அதே அடர்த்தி. ஆறாவது வருஷம் நடக்குது. உக்காந்து துணி தைக்கறாரு. நானே பேசியிருக்கேன்."

அண்ணன் சிலேட்டை அழித்து எழுதினான்: 'நிஜமா?'

"நிஜம்."

மறுநாள் போனான். முப்பத்தைந்தையும் முடித்தான். குரல் திரும்பியதும் வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பான்.

"டெய்லர் எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு."

"பான்ட் தைக்கிறாரா, வெறும் பித்தான்தான் கட்டறாரா?"

"அதெல்லாம் கேக்கலண்ணா."

"என்ன விசாரணை பண்றே நீ. கேளு."

கேட்கத்தான் இல்லை. அடுத்த ஆறுமாதச் சுற்றில் நாற்பத்தோராம் எண்ணுக்குப் போன் போட்டபோது அவர் மனைவி எடுத்தார். "நல்லா இருக்காருங்க. கடைக்குப் போயிருக்காரு." மற்ற நூற்றுப் பதினோரு வீடுகளிலும் இந்தப் பதிலோடு அவள் விட்டதில்லை. மூன்றாவது கேள்வியைக் கேட்பாள், நான்காவதைக் கேட்பாள். இந்த ஒரு வீட்டில், "ரொம்ப சந்தோஷம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். தாளில் 'உயிருடன்' என்று எழுதினாள். அதற்கடுத்த சுற்றிலும் அதே அம்மா. "தூங்கறாருங்க." அதே சந்தோஷம். அதே 'உயிருடன்'.

ஏன் கேட்கவில்லை? இதை அவள் பிறகு எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குள் யாருக்கோ தெரிந்திருந்தது.

இந்த வருடம் அண்ணனுக்கு மறுபடி வந்தது. இம்முறை கழுத்திலும், எலும்பிலும். வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: மருந்து ஏற்றினால் கொஞ்ச காலம் கட்டுக்குள் வைக்கலாம், குணமாகும் என்று சொல்வதற்கில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மருந்தேற்றும் வார்டில் ஒரு நாற்காலியைக் குறித்துக் கொடுத்தார்கள்.

அண்ணன் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"பாப்பா, நான் டெய்லர்கிட்டப் பேசணும்."

"எதுக்குண்ணா?"

"அவரு எப்படித் தாக்குப் பிடிச்சாருன்னு கேக்கணும். டாக்டர் சொல்றது டாக்டருக்கு. பட்டவன் வாயால கேட்டா நான் உக்காருவேன். இல்லேன்னா எதுக்கு இன்னொரு வாட்டி நாய் படாத பாடு?"

"நம்பரெல்லாம் வெளிய குடுக்கக் கூடாதுண்ணா."

"நீ பேசி, என்கிட்டக் குடு. ரெண்டு நிமிஷம்."

வெள்ளிக்கிழமை மூன்று முறை போன் போட்டாள். மூன்று முறையும் அந்த அம்மா எடுத்தார். வெளியே போயிருக்கிறார், குளிக்கிறார், மூன்றாவது தடவை பதிலே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. சனிக்கிழமை காலை முகவரியை எழுதிக்கொண்டு கிளம்பினாள்.

இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியிருந்தது. கடைகளுக்கு மேலே மாடிக் குடித்தனம். கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபது இருக்கும். கழுத்தில் இஞ்சி டேப்பை மாலைபோலப் போட்டிருந்தார். உள்ளே தையல் மெஷினில் பாதி தைத்த பள்ளிச் சீருடை.

"ஆஸ்பத்திரியில இருந்து வரேம்மா. போன்ல பேசுவேனே."

அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நகர்ந்து வழிவிட்டார்.

"சின்னப் பொண்ணா இருக்கியே. குரல் பெரியவ மாதிரி இருக்கும்."

நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அப்புறம் மெஷினின் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு பேசினார்.

"ஈரல்ல பரவிடுச்சு. நீ முதல் தடவை பேசினியே, அதுக்கப்புறம் நாலஞ்சு மாசம். வலி தெரியாம இருக்க ஊசி போட்டாங்க. அப்படியே போயிட்டாரு."

"ஏம்மா... நான் கேட்டப்போ..."

"நீ கேட்டே. எனக்கு இல்லன்னு சொல்ல வாய் வரல. சொந்தக்காரங்க எல்லாரும் துக்கம் கேட்டு முடிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் ஒருத்தி போன் பண்ணி, சாதாரணமா, எப்படி இருக்காருன்னு கேக்கறா. அந்த ஒரு நிமிஷம் அவரு கடைக்குத்தான் போயிருக்காருன்னு நானே நம்பினேன்மா." மெஷின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றினார். "நீயும் மேல ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். முதல்ல அவர்கிட்டப் பேசினப்போ அத்தனை கேள்வி கேட்டவ, அப்புறம் ஏன் சட்டு சட்டுன்னு வெச்சிட்டே?"

அந்த அம்மா அலமாரியிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்து வந்தார். தேதியைப் பார்த்தாள். அண்ணனுக்குச் சதை எடுத்த அதே மாதம். சிலேட்டில் அவன் 'நிஜமா' என்று எழுதிக் கேட்டபோது, அவள் 'நிஜம்' என்று சொன்னபோது, இந்த மெஷினின் முன்னால் யாரும் இல்லை.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். சனிக்கிழமை அரைநாள், பெரிய டாக்டர் இருந்தார். எதையும் மறைக்காமல் சொன்னாள்: அண்ணனின் ஸ்லைடு, நோட்டைப் புரட்டியது, கேட்காமல் விட்ட மூன்றாவது கேள்வி. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திட்டவில்லை. இனி நீ போன் போட வேண்டாம் என்றார். எல்லா வீட்டுக்கும் வேறு ஆளை வைத்து மறுபடி கேட்க வேண்டும் என்றார். நூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலும் மறுபடி மணி அடிக்கப் போகிறது. பிறகு அந்தத் தேதியைக் கம்ப்யூட்டரில் போட்டார்.

திரையில் இரண்டு கோடுகள். உச்சியில் கிளம்பி, ஒவ்வொரு சாவுக்கும் ஒரு படி இறங்கி வருகிற கோடுகள். வெளிறியவர்களின் கோடு மேலேயே நின்றது. அடர்ந்தவர்களின் கோடு இதுவரை தரைக்குக் கொஞ்சம் மேலே, கை நீட்டினாற்போல நீண்டு கிடந்தது. அந்த நீளம் முழுக்க ஒரே மனிதர். தேதி ஏறியதும் அது செங்குத்தாக விழுந்து அடியைத் தொட்டது.

"இவரு ஒருத்தர்தான் நெருடலா இருந்தாரு" என்றார் பெரிய டாக்டர், தனக்குத்தானே பேசுகிற மாதிரி. "இப்போ வித்தியாசம் ரொம்பத் தெளிவா வந்துடுச்சு." சொன்ன பிறகுதான் எதிரே நிற்பவள் யார் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். திரையை அணைத்தார்.

வீட்டில் அண்ணன் சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். போனில் பேச எதற்கு வெளுத்த சட்டை என்று அண்ணி கேலி செய்துகொண்டிருந்தாள். வீட்டில் கேலி கேட்டுப் பல நாள் ஆகியிருந்தது.

"கிடைச்சாரா ஆளு?"

பஸ்ஸில் வரும்போது எத்தனையோ பொய்களை எடுத்துப் பார்த்திருந்தாள். ஊருக்குப் போயிருக்கிறார். காது கேட்காது. ஒன்றும் வாயில் நிற்கவில்லை.

"இல்லண்ணா. அவரு போயிட்டாரு."

"எப்போ?"

"ரொம்ப நாளாச்சு. அவரு சம்சாரம் போன்ல இருக்காருன்னே சொல்லிட்டு வந்தாங்க."

அண்ணன் இஞ்சின் சத்தம் கேட்கிறவன் மாதிரி நல்ல காதைத் திருப்பிக்கொண்டான். "நீ எனக்குச் சொன்னியே, அப்போ?"

"அப்பவே இல்ல."

அவன் சட்டைப் பித்தானைத் தடவினான்.

"அப்போ செத்த ஆளைப் பார்த்துத்தான் நான் மீதிப் பதினஞ்சு நாளும் அந்த மிஷின்ல படுத்திருக்கேன்."

"அண்ணா, அந்தக் கணக்கெல்லாம் கூட்டத்துக்குச் சொல்றது. தனியா ஒரு ஆளுக்கு அது எதையும் சொல்லாது. அடர்த்தியா இருந்தா இப்படித்தான்னு எந்தச் சட்டமும் இல்ல."

"இதை நீ அன்னிக்கே சொல்லியிருக்கணும் பாப்பா" என்றான். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

அவன் உள்ளே போனதும் அண்ணி பக்கத்தில் வந்தாள். மெதுவாகத்தான் பேசினாள்.

"ரெண்டு நாள் தள்ளிச் சொல்லக் கூடாதா? திங்கக்கிழமை போயிட்டு வந்தப்புறம் சொல்லக் கூடாதா? அந்த டெய்லர் சம்சாரத்துக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையே. படிச்சவ."

ஒருமுறை பொய்யை உண்மை என்று கொண்டுவந்து கொடுத்தாள். இன்று உண்மையைக் கொண்டுவந்தாள். இரண்டு முறையும் அவனுக்காகத்தானா, அல்லது தன்னால் சுமக்க முடியாததை அவன் மடியில் இறக்கிவைத்தாளா? நல்லது எது, கெட்டது எது என்று சொல்லித்தர எந்தப் பாடத்திலும் ஒரு பக்கம்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், ஒரு பழைய வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணி சாப்பாடு கொண்டுபோனாள். அப்படியே திரும்பி வந்தது. நாளைக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் முடிவாகிவிடும் என்று எல்லோருக்கும் பயம்.

திங்கட்கிழமை ஒன்பதேகாலுக்கு அவளுடைய மேசை டெலிபோன் அடித்தது. மருந்தேற்றும் வார்டின் நர்ஸ்.

"உங்க அண்ணன் இன்னும் வரலையே. நாற்காலி காலியா இருக்கு."

"கொஞ்சம் வெச்சிருங்க சிஸ்டர்."

"பத்து மணி வரைக்கும் வைக்கலாம். வெளிய ஆறு பேரு காத்துக்கிட்டிருக்காங்க."

அண்ணனுக்குப் போன் போட்டாள். முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். மூன்றாம் முறை எடுத்தான். பின்னால் ஏதோ ஒரு வண்டி திணறித் திணறி ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, பத்து மணி வரைக்கும் வெச்சிருக்காங்க."

"வேற யாருக்காவது குடுக்கச் சொல்லு" என்றான். "சத்தம் சரியா கேக்கல பாப்பா, இந்த வண்டியில என்னன்னு புரியல. அப்புறம் பேசறேன்."

அவள் நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னாள். சரி என்று வைத்துவிட்டார்கள். பத்து அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அவள் கீழே இறங்கிப் போய், வார்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். அண்ணனுக்குக் குறித்திருந்த ஜன்னலோர நாற்காலியில் யாரோ ஒரு பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஊசிக்காகக் கையை நீட்டி உட்கார்ந்திருந்தார்.